ஆரஞ்சுத் தோலும் அடங்காத செல்லும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880-ல் அங்கே கால்பதித்ததிலிருந்து 120 ஆண்டுகள். அந்தக் காலம் முழுக்க வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போய்ச் சேர்ந்த தமிழர்கள் சாம்பியன் ரீஃபிலும் உரிகத்திலும் மாரிகுப்பத்திலும் பாறையைத் துளைத்தார்கள். தங்கம் குவார்ட்ஸ் என்னும் வெண்படிகக் கல்லுக்குள் பொடிப்பொடியாகப் பதிந்திருந்தது. அந்தக் கல் முழுக்கச் சிலிகா. துளைக்கும்போது எழும் தூளில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மூச்சோடு போய், நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்கித் தங்கிவிடும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது 1947-ல், இந்தத் தங்கவயலில்தான். 1997-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, படிகச் சிலிகாத் தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

கோலார் மாவட்டத்துக்கு இன்னொரு சுமையும் உண்டு. அது வாய்ப்புற்று. புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் இங்கே பெண்களிடமும் பரவலாக இருக்கிறது. டமக்காவில் உள்ள ஸ்ரீ தேவராஜ் அர்ஸ் மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் பெங்களூருவில் 1973-ல் தொடங்கிய கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. மாரிகுப்பத்தில் ரயிலேறிப் போகவேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில், நோயாளி வீட்டுக்குள் சீக்கிரம் வந்து சேரும் செய்தி ஒன்று உண்டு. எலுமிச்சை கீமோதெரபியைவிட 10,000 மடங்கு வலிமையானது என்று கைப்பேசிக்குக் கைப்பேசி பல ஆண்டுகளாகச் சுற்றும் செய்தி அது. அந்த எண்ணுக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால், பொய் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போனால் நோயாளிக்குச் சேரவேண்டிய பதில் சேராது. அந்தப் பொய்க்கு அடியில் உண்மையான அறிவியல் ஒன்று இருக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் தோல் எண்ணெய், புற்றுச் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் உருவாகும் இடத்தில் கைவைக்கிறது. எப்படி, எந்த அளவில், யாருக்கு என்பதுதான் இந்த அத்தியாயம்.

தோலுக்குள் இருப்பது

கமலா ஆரஞ்சின் தோலை உரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவுப் புள்ளிகள் நெருக்கமாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண்ணெய்ப் பை. தோலை வெளிப்பக்கமாக மடக்கி, எரியும் மெழுகுவத்திக்கு அருகில் அழுத்தினால், பைகள் உடைந்து எண்ணெய் மெல்லிய தூறலாகப் பீய்ச்சும். சுடரில் பட்டதும் சடசடவென்று பொறி பறக்கும். விரலில் ஒட்டிய மணம் சோப்புப் போட்டாலும் சற்று நேரம் போகாது.

அந்த எண்ணெயில் மிகப் பெரும் பங்கு லிமோனீன் என்ற ஒரே பொருள். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல். எலுமிச்சைத் தோல் எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. மிச்சம் பைனீன், டெர்பினீன், சிட்ரால் போன்றவை. லிமோனீன் மூலக்கூறில் 10 கார்பன் அணுக்களும் 16 ஹைட்ரஜன் அணுக்களும் மட்டுமே. பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டத் தாவரம் தயாரிக்கும் பொருட்களில் இதுவும் ஒன்று.

இந்த 10 கார்பன்கள் ஒவ்வொன்றாகக் கோக்கப்பட்டவை அல்ல. ஐந்து கார்பன் கொண்ட அலகுகள் இரண்டு சேர்ந்து லிமோனீன் ஆகிறது. அதே ஐந்து கார்பன் அலகை நம் உடலின் ஒவ்வொரு செல்லும் தயாரிக்கிறது. அங்கே ஆறு அலகுகள் சேர்ந்து 30 கார்பன் கொண்ட ஸ்குவாலீன் ஆகும். அது வளைந்து, மூன்று கார்பன்களை இழந்து, 27 கார்பன் கொண்ட கொலஸ்ட்ரால் ஆகும். தாவரமும் நாமும் அந்த அலகைச் செய்யும் வழிகள் வேறு, அலகு ஒன்றேதான். ஆரஞ்சுத் தோலின் மணமும் நம் ரத்தக் கொழுப்பும் வேதியியலில் உறவுக்காரர்கள். பழத்தோல் எண்ணெய் புற்றுச் செல்லைத் தொடுவதன் காரணத்தை ஆராய்ச்சியாளர்கள் தேடத் தொடங்கியது இந்த உறவிலிருந்துதான்.

ஒரே ஷாஃப்ட், பல லெவல்கள்

கொலஸ்ட்ராலைச் செல் எப்படிச் செய்கிறது என்பதை விளக்கியதற்காகக் கொன்ராட் பிளாக், ஃபியோடர் லினன் இருவருக்கும் 1964-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பாதைக்கு மெவலோனேட் பாதை என்று பெயர். தங்கவயல்காரர்களுக்கு அதை விளக்குவது எளிது. ஒரு சுரங்கத்தில் மேலிருந்து ஒரே ஷாஃப்ட் இறங்கும். ஆழத்துக்கு ஆழம் லெவல்கள் பக்கவாட்டில் பிரியும். மெவலோனேட் பாதையும் அப்படித்தான். மேலே, ஷாஃப்டின் வாயில் நிற்பது ஹெச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்ற நொதி. அது எவ்வளவு இயங்குகிறதோ அவ்வளவுதான் கீழே சரக்கு இறங்கும்.

இறங்கும் சரக்கில் ஒரு பகுதி கொலஸ்ட்ராலாகிச் செல்லின் சவ்வுக்குப் போகிறது. இன்னொரு பகுதி, 15 கார்பன் கொண்ட ஃபார்னெசில் என்ற வாலாகி, ராஸ் போன்ற புரதங்களின் நுனியில் ஒட்டப்படுகிறது. மற்றொன்று 20 கார்பன் வாலாகி ரோ என்ற புரதக் குடும்பத்துக்குப் போகிறது. வேறொரு கிளையில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய யுபிகுவினோன் உருவாகிறது.

இவற்றில் ராஸ் முக்கியமானது. ‘வளர், பிரி’ என்ற கட்டளையை வெளியிலிருந்து செல்லின் உள்ளே கடத்தும் புரதம் அது. வால் இருந்தால்தான் சவ்வில் ஒட்டும். ஒட்டினால்தான் வேலை செய்யும். ராஸ் மரபணு கெட்டுப்போனால் அந்தக் கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். நுரையீரல், பெருங்குடல், கணையப் புற்றுகளில் இந்தக் கோளாறு அடிக்கடி காணப்படுகிறது.

ஆக, மெவலோனேட் பாதையைக் குறைத்தால் புற்றுச் செல்லுக்கு இரண்டு இழப்புகள்: புதிய சவ்வு கட்டக் கொலஸ்ட்ரால் கிடைக்காது, வளர்ச்சிக் கட்டளையைக் கடத்தும் புரதங்களுக்கு வால் கிடைக்காது.

புற்றுச் செல்லின் பசி

ஆரோக்கியமான ஈரல் செல்லுக்குக் கொலஸ்ட்ரால் போதுமான அளவு வந்துவிட்டால், அது தன் உற்பத்தியைத் தானே நிறுத்திக்கொள்ளும். இந்தக் கட்டுப்பாட்டின் நுணுக்கங்களைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-ல் நோபல் பெற்றார்கள். புற்றுச் செல்லில் நிலைமை வேறு. மார்வின் சிப்பர்ஸ்டீன் 1964-லேயே ஈரல் கட்டிகளில் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார்: எலிக்கு எவ்வளவு கொலஸ்ட்ரால் கொடுத்தாலும் கட்டியின் செல்கள் தம் உற்பத்தியை நிறுத்தவில்லை. கட்டுப்பாட்டு இழை அறுந்துபோயிருந்தது. 2012-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கேரல் பிரைவ்ஸ் குழு இதற்கு இன்னொரு காரணம் கண்டது. செல்லைக் காவல் காக்கவேண்டிய பி53 என்ற புரதம் திரிந்துபோகும்போது, அதுவே மெவலோனேட் பாதையின் நொதிகளை முடுக்கிவிடுகிறது.

இந்தப் பசியின் தடயம் நோயாளியின் ரத்தத்திலும் தெரியலாம். அகமதாபாத்தில் உள்ள குஜராத் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2004-ல் தலை, கழுத்துப் புற்று நோயாளிகளின் ரத்தக் கொழுப்பை ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டு வெளியிட்டார்கள். நோயாளிகளிடம் கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தது. வளரும் கட்டி தன் சவ்வுகளுக்காகக் கொழுப்பை இழுத்துக்கொள்வது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். சரியாகச் சாப்பிட முடியாததும் சேர்ந்திருக்கலாம். கோலாரில் வாய்ப்புண்ணோடு வரும் ஒருவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளில் கொலஸ்ட்ரால் குறைவு என்று இருந்தால், அதை நல்ல செய்தி என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எண்ணெய் செய்யும் வேலை

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கூல்ட், சார்லஸ் எல்சன் ஆகியோர் 1980-களில் எலிகளுக்கு லிமோனீன் கலந்த தீவனம் கொடுத்தார்கள். ரசாயனத்தால் உண்டாக்கப்பட்ட மார்பகக் கட்டிகள் குறைவாகத் தோன்றின. 1992-ல் அவர்கள் ஒரு படி மேலே போய், ஏற்கெனவே வளர்ந்துவிட்ட கட்டிகளே லிமோனீனால் சுருங்குவதைக் காட்டினார்கள். இடையில், 1991-ல், லிமோனீன் ராஸ் குடும்பப் புரதங்களில் வால் ஒட்டப்படுவதைக் குறைக்கிறது என்ற முடிவையும் வெளியிட்டிருந்தார்கள். லிமோனீனின் நெருங்கிய உறவான பெரில்லில் ஆல்கஹால் இன்னும் வலிமையானது. கொலஸ்ட்ரால் உருவாகும் கடைசிப் படிகளையும் அது தடுக்கிறது.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது. கொலஸ்ட்ராலுக்காகக் கோடிக்கணக்கானோர் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரை, ரிடக்டேஸ் நொதியின் இயங்கும் இடத்தில் நேராகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. செல் அதைப் பற்றாக்குறை என்று உணர்ந்து, இன்னும் அதிக நொதியைச் செய்து ஈடுகட்டப் பார்க்கிறது. லிமோனீன் போன்ற மணப்பொருட்களின் வழி வேறு. நொதி உருவாவதையே குறைப்பதும், உருவானதைச் சீக்கிரம் சிதையச் செய்வதும் அவற்றின் வழி. கொலஸ்ட்ரால் சொல்லியும் அடங்காத கட்டிச் செல்லின் நொதி, இந்த மணப்பொருட்களுக்கு அடங்குகிறது என்பது எல்சன் குழுவின் முக்கியமான கருத்து. ஷாஃப்ட் வாயை அடைத்துப் பார்ப்பதைவிட அங்கே நிற்கும் இயந்திரங்களின் எண்ணிக்கையையே குறைப்பது இது.

தங்கவயலுக்கு நெருக்கமான ஆய்வு அர்ஜென்டினாவிலிருந்து வந்தது. லா பிளாட்டா நகர ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் கமலா ஆரஞ்சுத் தோல் எண்ணெயை ஏ549 என்ற நுரையீரல் புற்றுச் செல்களில் சோதித்து எழுதினார்கள். 1970-களின் தொடக்கத்தில் 58 வயது ஆண் ஒருவரின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, இன்றுவரை உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் செல்கள் அவை. ராஸ் மரபணு திரிந்தவை. எண்ணெய் சேர்த்ததும் அவற்றின் பெருக்கம் குறைந்தது. அதே செல்களை எலிகளில் பதித்து வளர்த்த கட்டிகளின் வளர்ச்சியும் மட்டுப்பட்டது. அதற்கு முன், 2014-ல், அதே நகரத்தின் குழு லினலூல், சினியோல் என்ற இரண்டு தாவர மணப்பொருட்களை, ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த சிம்வாஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்தது. தனித்தனியே போதாத அளவுகள், சேர்ந்தபோது கொலஸ்ட்ரால் உற்பத்தியையும் செல் பெருக்கத்தையும் நன்றாகக் குறைத்தன.

அளவு என்ற சுவர்

நம்பிக்கை தரும் முடிவுகள்தான். இனி அளவைப் பார்ப்போம். கைப்பேசிச் செய்திகள் சொல்லாமல் விடும் பகுதி இதுதான்.

1992-ல் எலிகளின் கட்டிகளைச் சுருக்கிய தீவனத்தில் பத்தில் ஒரு பங்கு லிமோனீன். ஆய்வகத் தட்டுகளில் ராஸ் வாலைத் தடுக்க மில்லிமோலார் என்ற அளவில் லிமோனீன் தேவைப்பட்டது. மனிதர்களுக்கு லிமோனீன் கொடுத்துப் பார்த்த முதல்கட்டச் சோதனை பிரிட்டனில் 32 நோயாளிகளிடம் நடந்து, 1998-ல் வெளியானது. அவர்கள் தாங்கிய அதிகபட்ச அளவு, உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்குத் தினம் 8 கிராம். அதற்கு மேல் போனால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு. அப்போதும் ரத்தத்தில் இருந்த லிமோனீன் 10 முதல் 20 மைக்ரோமோலார் வரைதான். ஒரு மில்லிமோலார் என்பது 1,000 மைக்ரோமோலார். தட்டில் வேலை செய்த அளவுக்கும் ரத்தத்தில் எட்டிய அளவுக்கும் இடையே ஐம்பது, நூறு மடங்கு வித்தியாசம்.

இதைப் பழக்கணக்கில் பார்க்கலாம். நடுத்தர அளவு ஆரஞ்சு ஒன்றின் தோலில் உள்ள எண்ணெய் சுமார் அரை கிராம். உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ள ஒருவருக்கு 8 கிராம் வீதம் என்றால், தினம் கிட்டத்தட்ட 13 கிராம். ஒரு சொட்டு வீணாகாமல் 25-க்கும் மேற்பட்ட பழங்களின் தோல் எண்ணெயும் உள்ளே போகவேண்டும், ஒவ்வொரு நாளும். வெந்நீரில் பிழிந்த எலுமிச்சைச் சாறு இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. எண்ணெய் இருப்பது தோலில், சாற்றில் அல்ல.

அந்தச் சோதனையில் மார்பகப் புற்றுள்ள ஒரு பெண்ணுக்குக் கட்டி ஓரளவு சுருங்கி 11 மாதம் அப்படியே இருந்தது. பெருங்குடல் புற்று நோயாளிகள் மூவருக்கு நோய் ஆறு மாதத்துக்கு மேல் வளராமல் நின்றது. ஆனால், அதே அளவைப் பத்து மார்பகப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை.

2013-ல் அரிசோனா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இந்தக் கதையில் ஒரு திருப்பம். மார்பகக் கட்டியை அகற்றும் அறுவைக்குக் காத்திருந்த 43 பெண்கள், இரண்டு முதல் ஆறு வாரம் வரை தினம் 2 கிராம் லிமோனீன் எடுத்துக்கொண்டார்கள். அறுவையில் எடுத்த திசுவை அளந்தபோது, ஒரு கிராம் மார்பகத் திசுவில் சராசரியாக 41 மைக்ரோகிராம் லிமோனீன் சேர்ந்திருந்தது. கணக்குப் போட்டால் அது ஏறத்தாழ 0.3 மில்லிமோலார்; ரத்தத்தில் எட்டாத அளவு. லிமோனீன் கொழுப்பில் கரையும். மார்பகம் கொழுப்பு மிகுந்த உறுப்பு. அதனால் அங்கே தங்குகிறது. செல் பிரிவதைத் தூண்டும் சைக்ளின் டி1 என்ற புரதம் கட்டித் திசுவில் 22 சதவீதம் குறைந்திருந்தது. இது ஒரு குறியீடுதான். ஆயுள் நீண்டதா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. அதோடு, தங்கவயலின் நோய்கள் இருப்பது நுரையீரலிலும் கன்னத்திலும். மார்பகத்தைப் போல அவை கொழுப்பைத் தேக்கும் உறுப்புகள் அல்ல. மார்பகத்தில் கண்டதை அங்கேயும் எதிர்பார்க்க ஆதாரம் வேண்டும்.

பாதையை அடைத்தாலே புற்று அடங்கிவிடும் என்றும் நினைக்கவேண்டாம். ராஸின் 15 கார்பன் வாலைத் தடுக்க 1990-களில் மருந்து நிறுவனங்கள் திறமையான மருந்துகளைச் செய்தன. நுரையீரலிலும் கணையத்திலும் திரியும் கே-ராஸ், அந்த லெவல் மூடியதும் பக்கத்து லெவலுக்குப் போய் 20 கார்பன் வாலை மாட்டிக்கொண்டது. ஷாஃப்ட் வாயிலேயே அடைக்கும் ஸ்டாட்டினையும் சோதித்தார்கள். சிறுசெல் நுரையீரல் புற்றுள்ள 846 பேரிடம் நடந்த பிரிட்டன் சோதனையின் முடிவு 2017-ல் வந்தது: கீமோதெரபியோடு பிரவஸ்டாட்டின் சேர்த்தவர்கள் கூடுதலாக வாழவில்லை. நுரையீரல் புற்றின் வேறு வகைகளுக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது என்றாலும், தட்டிலிருந்து மனிதர் வரையுள்ள தூரத்தை இது காட்டுகிறது.

பழம் செய்யக்கூடிய தீங்கு

கோலாருக்குப் பக்கத்தில் தேவனஹள்ளி. அங்கே விளையும் சக்கோட்டா, அதாவது பம்பளிமாஸ், புவிசார் குறியீடு பெற்ற பழம். கிரேப்ஃப்ரூட் என்ற பழத்தின் தாய்ப்பழமும் பம்பளிமாஸ்தான். இந்தக் குடும்பத்தில் ஃபுரானோகூமரின் என்ற பொருட்கள் உண்டு. குடல் சுவரில் மருந்துகளைச் சிதைக்கும் நொதி ஒன்றை அவை முடக்கிவிடும். அதனால் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற மாத்திரைகளின் அளவு ரத்தத்தில் எதிர்பாராமல் ஏறலாம். ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் நிலோட்டினிப் போன்ற மருந்துகளோடு கிரேப்ஃப்ரூட் கூடவே கூடாது என்பது மருத்துவ அறிவுரை. இந்த மருந்துகளை எடுப்பவர்கள் பம்பளிமாஸைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

கடையில் புட்டியில் விற்கும் எண்ணெய் இன்னும் ஆபத்தானது. அது பழமல்ல; பழத்தின் ஒரு பகுதியைப் பல மடங்கு செறிவாக்கியது. காற்றுப்பட்டுப் பழசான லிமோனீன் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். வாய்ப்புற்றின் திறந்த புண்ணில் அதைத் தடவுவது, கதிரியக்கச் சிகிச்சையில் வெந்துபோன வாயில் ஊற்றிக் கொப்பளிப்பது போன்றவை வலியைத்தான் கூட்டும். எதை எடுத்தாலும் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். திட்டுவார் என்ற பயத்தில் மறைப்பதுதான் பெரிய ஆபத்து.

தங்கவயலுக்குச் சேரவேண்டியது

அப்படியானால் பழத்தோல் எண்ணெய் ஆராய்ச்சியால் என்ன பயன்? என் பார்வையில் பயன் பெரிது. அடங்காத செல் எந்த இடத்தில் பலவீனமானது என்பதை அது காட்டியிருக்கிறது. கொலஸ்ட்ராலின் சொல்லைக் கேட்காத நொதி, எளிய ஒரு தாவர மூலக்கூறுக்கு இணங்குகிறது. அந்த இணக்கத்தைக் குறைந்த அளவில் பெறுவது எப்படி, ஸ்டாட்டினோடு சேர்த்தால் மனிதரிலும் பலன் உண்டா, லிமோனீனை நேராக நுரையீரலுக்கோ கன்னத்துக்கோ கொண்டுபோக முடியுமா: கேட்கத்தக்க கேள்விகள் இவை. பெங்களூருவும் மைசூருவும் உணவு, தாவர, புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனங்கள் நிறைந்த நகரங்கள். சுரங்கத் தொழிலாளர் சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனமே 1990-ல் தங்கவயலில்தான் தொடங்கப்பட்டது. 800 டன்னுக்கும் மேல் தங்கம் தந்த ஊருக்கு, அதன் நுரையீரலைப் பற்றிய ஆராய்ச்சியைத் திருப்பித் தருவது நாடு பட்ட கடன்.

அந்த ஆராய்ச்சி முடியும்வரை கையில் இருக்கும் வழிகள் எளியவை, நிரூபணமானவை. புகையிலையை விடுவது. தூள் பறக்கும் வேலையில் தண்ணீர் தெளித்துத் துளைப்பதையும் முறையான முகக்கவசத்தையும் உரிமையாகக் கேட்பது. பழைய சுரங்கத் தொழிலாளிக்கு இருமல் நீடித்தால் எக்ஸ்ரே எடுத்துக் காசநோய், சிலிக்கோசிஸ், புற்று மூன்றையும் பார்க்கச் சொல்வது. வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்கச் சிரமம் இவற்றில் எதுவாயினும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், மூன்றாவது வாரம் மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருப்பது. தொடக்கத்திலேயே கண்ட வாய்ப்புற்றை அறுவையால் குணப்படுத்த முடியும். அந்தச் சில வாரங்களை எண்ணெயிலும் சாற்றிலும் கழித்துவிடாதீர்கள்.